கலைந்த மன்றமும் கலையாத கடனும்

ஆபத்து வேளையில் ஒருவர் தொலைபேசியை எடுக்கிறார். மறுமுனையில் ஒரு குரல் கேட்கவேண்டும். அக்குரலுக்குப் பின்னே ஒரு கணக்குப் புத்தகமும் உண்டு. அதை மூடும் நாள் வந்தால் என் செய்வது? அமெரிக்க நாட்டு வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

1968 பிப்ரவரி 16ஆம் நாள், அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 என்ற அவசர எண் முதன்முதலாக ஒலித்தது. 1984இல் டென்னசி மாநிலம் ‘அவசரத் தொடர்பு மாவட்டங்கள்’ அமைக்கச் சட்டம் இயற்றியது. இது நாம் அறிந்த மாவட்டம் அன்று. இந்த ஒரு பணிக்கென மக்கள் வாக்களித்து அமைத்துக்கொள்ளும் தனி மன்றம். தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்துப் பெற்ற சிறு தொகையே அதன் முதன்மை வருவாயாக இருந்தது. கடன் வாங்கவும் அதற்கு உரிமை உண்டு. பின்னாளில் வீட்டுத் தொலைபேசிகள் குறைந்தபோது அந்த ஊற்றும் வற்றத் தொடங்கியது.

மன்றத்தைக் கலைத்தால் கடன் என்னாகும்? இக்கேள்வி டென்னசிக்குப் புதிதன்று. 1878இல் மெம்பிஸ் நகரில் மஞ்சள் காய்ச்சலால் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னரே கடனில் மூழ்கியிருந்த அந்நகரின் சாசனத்தை 1879இல் சட்டமன்றம் ரத்துச் செய்தது. அதனிடத்தில் ஒரு ‘வரி மாவட்டத்தை’ நிறுவியது. கடன் கொடுத்தோர் வழக்காடினர். பொதுப் பயனுக்குரிய சொத்தைக் கடனுக்காகப் பற்ற இயலாது என்று 1880இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 1879இல் அலபாமாவின் மொபீல் நகரமும் தன் சாசனத்தை இழந்து, ‘மொபீல் துறைமுகம்’ என்னும் புதுப் பெயர் பூண்டது. ஆனால் மக்களும் சொத்தும் பெரும்பாலும் பழையவையே. ஆதலின் பழைய கடனுக்குப் புதிய அமைப்பே பொறுப்பு என்று 1886இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது.

இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. தீயணைக்கும் வண்டியைக் கடனுக்காக ஏலம் போடலாகாது. பெயரை மாற்றிக் கடனைத் தொலைக்கவும் ஆகாது. அவசர மன்றம் ஒன்றை முடித்து வைப்போரும் இவ்விரண்டையும் கருதுதல் நன்று. கடனை ஏற்பவர் யார் என்று எழுதிவைத்தல் வேண்டும். அன்றிரவு மணி ஒலித்தால் எடுப்பவர் யார் என்பதை அதற்கும் முன்பே எழுதிவைத்தல் வேண்டும். கடனுக்குத் தவணை கேட்கலாம். உயிருக்குத் தவணை இல்லை.