மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: ஊவாவில் மண்ணில்லாத் தோட்டத்துக்கு ஒரு பின்கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

மீன் தொட்டியின் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீரைக்கு விட்டு, அதே தண்ணீரைத் திரும்ப மீனுக்கே கொண்டுவரும் தோட்டத்தைப் பற்றிப் பதுளையில் இப்போது பலர் விசாரிக்கிறார்கள். அக்வாபோனிக்ஸ் என்பது அதன் பெயர். யூடியூப்பில் பார்த்துவிட்டு இது நேற்று வந்த புதினம் என்று நினைக்கிறவர்களே அதிகம். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் நாங்கள் அதன் பின்னால் கொஞ்சம் போய்ப் பார்த்தோம்.

முதலில் அண்மைக் கதை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த நவம்பரில் தடை நீங்கியபோது வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு, போஞ்சி போட்டவர்கள் பட்டது பட்டதுதான். 2022 மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். வளவு உள்ளவர்கள் செய்தோம். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் லயத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் தோட்டத்தை எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்கு வயது 150க்கு மேல். ஊவா மலைகளில் முதலில் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகப் படரும் நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கள் மடூல்சீமையில்தான். உலகக் கோப்பி வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைத் தொட்டுத்தான் போகவேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதுதான் வருத்தம். கோப்பி செத்த இடத்தில் தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னையை வாங்கினார். காணி கைமாறிக்கொண்டே இருந்தது. லயத்தில் இருந்தவர்களின் கைக்கு மட்டும் வரவில்லை. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. 2015க்குப் பிறகு சிலருக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் கிடைத்தது. மற்றவர்களுக்கு லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு, அதுவும் நிர்வாகம் விட்டுவைத்தால்.

அந்தத் துண்டின் பெறுமதி பெரியவர்களுக்குத் தெரியும். 1973, 1974இல் அரிசியும் மாவும் குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலத்தை அவர்கள் இன்னும் சொல்வார்கள். பழைய கதைதானே என்று விடவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். மீனும் கீரையும் என்று நாங்கள் பேசுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இனி மீன். மலையகத்தில் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடும் நெத்தலியும்தான். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது துரைமார் தூண்டில் போட்டு விளையாட. தொழிலாளியின் சட்டிக்கு அல்ல. சட்டிக்கு வந்தது 1952இல் இலங்கைக்கு அறிமுகமான திலாப்பியா. (கிழக்கில் சிலர் இதை ஜப்பான் மீன் என்பார்கள். உண்மையில் ஆபிரிக்க மீன். ஜப்பானுக்கு அந்தப் பெருமை எப்படிப் போனதோ!) நம் மாவட்டத்திலேயே மஹியங்கனையில் சொரபொர வாவி இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குளங்களிலிருந்து வரும் திலாப்பியாவைப் பதுளைச் சந்தையிலும் வாங்கலாம்.

1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு சமயக் காரணங்களை முன்வைத்து நிறுத்தப்பட்டது. குளங்களில் குஞ்சு விடுவதும் நின்றது. ஓர் உயிரைக் கொல்வது பற்றி ஒரு சமூகத்துக்கு இருக்கும் மனத்தாங்கலை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் புரதத்துக்கு வேறு வழியில்லாத ஏழைக்கு அது எப்படி விழுந்தது என்பதும் வரலாற்றில் இருக்கவேண்டும். 1994இல் ஆதரவு திரும்பியது. நீருயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகாரசபை அமைக்க 1998இல் சட்டம் வந்தது.

மீன் இருக்கும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல என்பது நம்மவர்களுக்குத் தெரியாததும் அல்ல. பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் வுழூச் செய்யும் ஹவுழில் நுளம்புக் குடம்பியைத் தின்ன மீன் விட்டிருப்பார்கள். சீனாவில் நெல் வயலில் மீன் வளர்ப்பது மிகப் பழைய வழக்கம். ஆனால் மீனின் கழிவு எப்படிப் பயிருக்கு உணவாகிறது என்பது தெரியவர 1890 ஆனது. லிப்டன் தம்பேதென்னையை வாங்கிய அதே ஆண்டில்தான் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி, அமோனியாவை மாற்றும் பக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மீன் வெளிவிடும் அமோனியா மீனுக்கே நஞ்சு. ஒருவகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். பயிர் விரும்பி எடுப்பது இதைத்தான்.

இதை ஒரு வளர்ப்பு முறையாகக் கட்டியெழுப்பியது 1970களிலும் 80களிலும். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய நியூ அல்கெமி நிறுவனத்தினர் மீன் தொட்டியையும் பயிரையும் ஒரே கூரைக்குள் வைத்துப் பார்த்தார்கள். அதன் பின்னர் வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி திலாப்பியாவையும் கீரைகளையும் வைத்துப் பல ஆண்டுகள் அளந்து கணக்கெடுத்தார். மண்ணும் நன்னீரும் குறைந்த தீவு அது. தேவை எங்கே இருந்ததோ அங்கேதான் வேலை நடந்திருக்கிறது. 2014இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு சிறிய அளவில் செய்வோருக்காக ஒரு கைநூலை வெளியிட்டது. தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு அதிலுள்ளதுதான்.

ஒரு சதுர மீற்றர் கீரைக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீனி. ஒன்றரைச் சதுர மீற்றர் பாத்தி என்றால் 60 முதல் 75 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் இரண்டு வீதம் அளவில் தின்னும் என்று வைத்தால் மூன்று, மூன்றரைக் கிலோ மீன் போதும். 500 லீற்றர் தண்ணீரில் 12, 15 மீன். ஐம்பது குஞ்சு விடுவோமே என்று ஆசைப்படவேண்டாம். சல்லிக்கல் பாத்தியில் பக்டீரியா ஊறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதற்கு முன் மீனை நிரப்பினால் அமோனியாவில் சாகும். குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது திறந்து வைத்துக் குளோரின் போகவிட்டுத்தான் ஊற்றவேண்டும். குளோரின் மீனையும் கொல்லும், பக்டீரியாவையும் கொல்லும்.

கைநூலில் நம் மலை இல்லை. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரம், திலாப்பியா தாங்கும். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1,400க்கு மேல். தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் திலாப்பியா தீனியைக் குறைத்துவிடும், வளராது. அங்கே கெண்டை நல்லது. தண்ணீரும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 2014 டிசம்பரில் உமா ஓயா சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாயத் தொடங்கிய பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின. சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரில் பயிர் செய்வதை அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். இது காணிக்கு மாற்று என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. பம்பி, குழாய், தீனி எல்லாம் காசு. 13 மணித்தியாலம் மின்சாரம் போனால் ஒட்சிசன் இல்லாமல் மீன் சாகும். நகரத்தில் வளவும் சம்பளமும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இது சுகமான பொழுதுபோக்கு. லயத்துக் குடும்பத்துக்குத் தேவை காணி உறுதி. ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டி அந்தக் கோரிக்கையைத் தள்ளிவைக்கக் கூடாது.

ஆனாலும் காணி வரும்வரை பிள்ளை காத்திருக்காதே. பம்பி இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அது முழு அக்வாபோனிக்ஸ் அல்ல, அதன் ஏழைத் தம்பி. 200 லீற்றர் பீப்பாயில் நாலைந்து மீன் மட்டும். காலையும் மாலையும் அடியிலுள்ள தண்ணீரை இரண்டு வாளி அள்ளிப் பையில் நட்ட கங்குங்குக்கும் வல்லாரைக்கும் ஊற்றிவிட்டு, திறந்து வைத்த புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து சளசளவென்று விடவேண்டும். அதில் காற்றும் கலக்கும். தீனியைக் குறைவாகப் போடுங்கள். குஞ்சை பெப்ரவரியில் விடுங்கள். ஏழெட்டு மாதத்தில் கால் கிலோ அளவுக்கு வரும்; ஐப்பசி மழையும் மார்கழிக் குளிரும் இறங்குமுன் பிடித்துவிடலாம். கங்குங் அதற்கெல்லாம் காத்திருக்காது, நட்ட ஒரு மாதத்திலேயே முதல் வெட்டு வெட்டலாம்.