பாபிலோன் நதிக்கரையிலிருந்து டிஸ்கோ வரை

1978-ல் இங்கிலாந்தில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டு எது தெரியுமா? போனி எம் குழுவின் "ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்". 5 வாரங்கள் முதலிடம், சுமார் 20 லட்சம் பிரதிகள். அதைப் போட்டு ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், எட்டு வருடங்களுக்கு முன்பு ஜமைக்காவில் இதே பாட்டுக்குத் தடை இருந்தது என்று!

பாட்டின் சொந்தக்காரர்கள் மெலோடியன்ஸ் என்ற ஜமைக்கக் குழு. பிரெண்ட் டோவும் ட்ரெவர் மெக்நாட்டனும் எழுதி, 1970-ல் லெஸ்லி காங்கின் தயாரிப்பில் வெளிவந்தது. வரிகளில் பெரும்பகுதி பைபிளின் சங்கீதம் 137-லிருந்து எடுத்தவை. கி.மு. 6-ம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதர்களின் புலம்பல் அது. சிறைபிடித்தவர்களே வேடிக்கைக்காகப் பாடச் சொல்கிறார்கள். அந்நிய மண்ணில் கடவுளின் பாட்டை எப்படிப் பாடுவது என்று அவர்கள் கலங்குகிறார்கள்.

கோயிலில் பாடும் சங்கீதத்துக்கு ஏன் தடை? காரணம் ஒன்றிரண்டு சொற்கள்தான். கடவுளின் பெயர் வரவேண்டிய இடத்தில் மெலோடியன்ஸ் "கிங் ஆல்ஃபா" என்று பாடினார்கள். ராஸ்தாஃபாரிகள் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைக் குறிக்கும் பெயர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளான அவர்களுக்கு ஜமைக்காவே அந்நிய மண், எத்தியோப்பியாதான் சீயோன். பாபிலோன் என்றால் அரசாங்கம், போலீஸ், வெள்ளைக்காரன் விட்டுப்போன மொத்த அமைப்பும்! அதனால் அரசு இதைக் கலகப் பாட்டாகவே பார்த்தது.

ராஸ்தாக்கள் மீதான அந்தப் பயம் வெறும் தடையோடு நின்றதில்லை. 1963-ல் கோரல் கார்டன்ஸ் பகுதியில் ஒரு பெட்ரோல் பங்க் தாக்கப்பட்டபோது, சம்பந்தமே இல்லாத ராஸ்தாக்களையும் போலீஸ் தேடித்தேடிப் பிடித்தது. அடித்தார்கள், சிறையில் போட்டார்கள், சடைமுடியை வெட்டினார்கள். சிலர் உயிரும் போனது. இதற்கு ஜமைக்கப் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் மன்னிப்புக் கேட்டது 2017-ல்தான். 54 வருடங்கள்!

இவை பைபிள் வார்த்தைகள்தானே என்று லெஸ்லி காங் வாதாடியபின் தடை நீங்கியது. பாட்டும் அங்கே பெரிய வெற்றி பெற்றது. 1972-ல் "தி ஹார்டர் தே கம்" திரைப்படத்தின் இசைத்தட்டில் சேர்ந்து வெளிநாடுகளுக்கும் போனது.

பிறகு ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் இதை எடுத்தார். (போனி எம் மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் இசைத்தட்டுகளில் பாடவில்லை; அந்த ஆண் குரல் ஃபாரியனுடையதுதான்.) தாளம் டிஸ்கோவுக்கு மாறியது. ராஸ்தா பெயர்கள் நீக்கப்பட்டு பைபிள் சொற்கள் திரும்ப வந்தன. பாடலாசிரியர் வரிசையில் டோவ், மெக்நாட்டனோடு ஃபாரியன் பெயரும் ஏறியது. கேட்க இனிமையான பாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் யாருடைய புலம்பல் என்பது மட்டும் இல்லாமல் போனது. இத்தனைக்கும் அதைப் பாடிய லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவருமே ஜமைக்காவில் பிறந்தவர்கள்!

விற்பனை குறையத் தொடங்கியதும் வானொலிகள் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டன. மறுபக்கத்தில் இருந்த "பிரவுன் கேர்ள் இன் த ரிங்" அதே வருடம் தனியாக ஹிட் ஆனது. அதுவும் ஜமைக்காவில் சிறுமிகள் வட்டமாக நின்று விளையாடும்போது பாடுகிற பாட்டுதான்.