வெளி வன்தட்டும் லினக்ஸ் கணினியும்: நகல் எடுப்போர் அறிய வேண்டியவை

சிரம்பானுக்கும் செமினிக்கும் இடையிலுள்ள மந்தின் வட்டாரத்தில், தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் பல. லயத்து வீட்டுப் படங்கள், ஆலயத் திருவிழாக் கணக்குகள், தமிழ்ப்பள்ளி மலர்கள் போன்றவற்றை ஸ்கேன் செய்து ஒரே கணினியில் வைத்திருந்தால், அது பழுதாகும் நாளில் அத்தனையும் போய்விடும்.

யூனிக்ஸ் முறையைப் பின்பற்றி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பழைய கணினிகளிலும் கட்டணமின்றி இயங்கும். அதில் வெளி வன்தட்டைக் கொண்டு நகல் எடுப்போருக்கு இரண்டு சிக்கல்கள் வருவதுண்டு: கணினி திறக்காது, அல்லது நகல் எடுத்தும் வன்தட்டில் ஒன்றும் இருக்காது. வன்தட்டு இணைந்திருக்கிறதா என்பதைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கணினி திறக்காவிட்டால்

முதலில் கணினியை அணைத்து, வன்தட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்க வேண்டும். இப்போது திறந்தால், கணினி வெளி வன்தட்டிலிருந்து தொடங்க முயன்றிருக்கலாம். பயாஸ் அமைப்பின் தொடக்க வரிசையில் உள்வட்டை முதலிடத்தில் வைத்தால் போதும்.

வன்தட்டைக் கழற்றிய பிறகுதான் திறக்கவில்லை, சுமார் 90 விநாடி காத்திருந்து 'எமர்ஜென்சி மோட்' என்ற கறுப்புத் திரை வருகிறது என்றால் காரணம் வேறு. 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில், தொடங்கும்போதே இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல் இருக்கும். அதிலுள்ள வட்டு கிடைக்காததால் லினக்ஸ் நின்றுவிடுகிறது. உடனடித் தீர்வு, வன்தட்டைச் செருகி மறுபடி இயக்குவது. நிரந்தரத் தீர்வு, அந்தக் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு, வன்தட்டுக்குரிய வரியின் விருப்பங்களில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்ப்பது. அதன் பிறகு வன்தட்டு இல்லாவிட்டாலும் கணினி திறக்கும். 'எஸ்டிபி' போன்ற பெயர்கள் மாறக்கூடியவை என்பதால், வன்தட்டை அதன் யூயூஐடி எண்ணால் குறிப்பதே நல்லது.

நகல் எங்கே போனது?

வன்தட்டு இணையாதபோதும் அதற்கென ஒதுக்கிய கோப்புறை கணினியில் இருக்கலாம். 'ஆர்சிங்க்' போன்ற கட்டளை அந்தக் கோப்புறையிலேயே, அதாவது உள்வட்டிலேயே நகலை எழுதிவிடும். பிழைச் செய்தி வராது. உள்வட்டு நிரம்பிவிட்டால் பயனர் திரையே திறக்காமல் போகலாம். பின்னர் வன்தட்டை இணைக்கும்போது, முன்பு எழுதியவை அதன் அடியில் மறைந்துவிடும். வன்தட்டை விடுவித்த பிறகே அவை கண்ணுக்குத் தெரியும்.

எனவே நகலெடுக்கும் முன் 'டிஎஃப்' கட்டளையை இட்டு, வன்தட்டு பட்டியலில் உள்ளதா, இடம் எவ்வளவு மீதி என்று பார்க்க வேண்டும். ஆர்சிங்கின் 'டெலீட்' விருப்பத்தில் கூடுதல் கவனம் தேவை. மூலக் கோப்புறை தவறுதலாகக் காலியாக இருந்தால், நகலையும் அது காலி செய்துவிடும். முதலில் 'டிரை ரன்' முறையில் ஓட்டிப் பார்த்தால் எதெது அழியும் என்று முன்கூட்டியே தெரியும்.

வன்தட்டு எழுத மறுத்தால்

விண்டோஸ் கணினியில் முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கிய வன்தட்டை, லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கலாம். இணைக்கவே மறுக்கவும் கூடும். அதை விண்டோஸிலேயே பிழை சோதித்து, முறையாக விடுவித்துக் கொண்டுவர வேண்டும். வன்தட்டில் 'டிக் டிக்' ஓசை கேட்டால் பழுது பார்ப்பதைத் தள்ளிவைத்து, வேறெங்கும் இல்லாத கோப்புகளை முதலில் நகலெடுக்க வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாத சுவடிகளும் அழிந்தன. இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில், வேலை முடிந்ததும் வன்தட்டை விடுவித்துக் கழற்றிவிடுவதும், இரண்டாவது வன்தட்டு ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பதும் பாதுகாப்பு. மாதம் ஒருமுறை நகலிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.