வியட்நாமில் நெல்லும் அமைதியும்

வியட்நாம் 1989ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 லட்சம் டன் அரிசியை வெளிநாடுகளுக்கு விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில், பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கம்போடியாவில் நிலைகொண்டிருந்த தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. முந்தைய ஆண்டுதான் அதன் வட மாகாணங்கள் பல உணவின்றித் தவித்திருந்தன என்பதைக் கருதினால், இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளாகக் கொள்வது பொருந்தாது.

செந்நதிக் கழிமுகத்தில் 1950களின் இறுதியில் தோன்றிய வேளாண் கூட்டுறவுகளில் நிலமும் உழவு மாடும் பொதுவாயின. ஒவ்வொருவரும் செய்த வேலைக்குப் புள்ளிகள் குறிக்கப்பட்டு, வரியும் அரசுக்கு அளக்க வேண்டிய நெல்லும் போக எஞ்சியது அப்புள்ளிகளின் கணக்கில் பகிரப்பட்டது. வயல் விளைந்ததா என்பதைவிட வேலைநாள் கழிந்ததா என்பதே புள்ளியைத் தீர்மானித்ததால், வீட்டுப் பயன்பாட்டுக்கென விடப்பட்ட ஐந்து விழுக்காட்டு நிலத்திலேயே குடும்பங்கள் தம் கருத்தையும் எருவையும் செலுத்தின. இதைக் கண்ட வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக், 1966இல் பொது வயலைக் குடும்பங்களிடம் ஒப்படைக்க வழிசெய்தார். குறித்த அளவைக் கூட்டுறவுக்கு அளந்துவிட்டு, மிச்சத்தைப் பயிரிட்டவரே வைத்துக்கொள்வது அம்முறையின் சாரம். கட்சிக் கோட்பாட்டின் காவலராக விளங்கிய துருவோங் சின் அதைக் கடுமையாகக் கண்டித்ததால், 1968இல் அது கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டதெல்லாம் தாளில்தான். 1970களின் பிற்பகுதியில், ஹாய்ஃபோங்கைச் சுற்றிய ஊர்களில் அதே ஏற்பாடு மறைவாகத் தழைத்தது. விதியைத் தாண்டிய இத்தகைய செயல்களுக்கு வியட்நாமியர் இட்ட பெயர் 'ஃபா ராவ்', அதாவது வேலி உடைப்பு. 1981 ஜனவரியில் வெளியான கட்சியின் 100ஆம் ஆணை, நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றைக் குடும்பங்களிடம் விட்டு, உடைந்த வேலியின் ஒரு பகுதியைச் சட்டமாக்கியது. விளைச்சல் கூடியது, ஆனால் அளக்க வேண்டிய நெல்லின் அளவும் கூடக்கூட, உழவரின் ஊக்கம் சில ஆண்டுகளிலேயே தளர்ந்தது.

1986இல் பணவீக்கம் 700 விழுக்காட்டைக் கடந்தது. அவ்வாண்டு ஜூலையில் கட்சியின் பொதுச்செயலாளர் லே சுவான் மறைந்தபின் தலைமைக்கு வந்து, டிசம்பரில் நடந்த கட்சி மாநாட்டில் 'டோய் மோய்' எனும் புதுப்பித்தல் கொள்கைக்கு வழிதிறந்தவர், கிம் நோக்கைக் கண்டித்த அதே துருவோங் சின்தான். மனமாற்றத்தைவிட வெறுங்கிடங்கே அவரை அங்கே கொண்டு சேர்த்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

1988 ஏப்ரலில் கட்சி நிறைவேற்றிய 10ஆம் தீர்மானம், உழவுக் குடும்பத்தையே உற்பத்தியின் அடிப்படை அலகாக ஏற்று, நிலத்தை நீண்டகாலத்துக்கு ஒப்படைத்தது. அடுத்த மாதமே அரசியல் தலைமைக்குழு 13ஆம் தீர்மானத்தின் வழியாகப் பகைவரைக் குறைத்து நண்பரைப் பெருக்கும் வெளியுறவுக் கொள்கையை வகுத்தது. சோவியத் உதவி சுருங்கிவந்த வேளையில், கம்போடியாவில் ஒரு படையையும் சீன எல்லையில் மற்றொன்றையும் சோறிட்டு நிறுத்த இயலாத அரசு, வயலில் விட்டுக்கொடுத்ததுபோலவே எல்லையிலும் விட்டுக்கொடுத்தது. அதன்பின் கதவுகள் விரைந்து திறந்தன: 1991இல் கம்போடியா குறித்த பாரிஸ் உடன்படிக்கையும் சீனாவுடன் உறவும், 1994இல் அமெரிக்கத் தடை நீக்கமும், 1995 ஜூலையில் அமெரிக்காவுடன் தூதரக உறவும் ஆசியான் உறுப்புரிமையும் கிட்டின. 1993இல் மக்களில் 58 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின்கீழ் இருந்தனர். 2002இல் அது 29 விழுக்காடாயிற்று.

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் படிப்பது கூடாது. நிலத்தின் உடைமை இன்றும் அரசிடமே உள்ளது. ஆட்சியில் வேறு கட்சிக்கு இடமில்லை. 1997இல் தாய் பின் மாகாண உழவர்கள் உள்ளூர் அதிகாரிகளின் ஊழலுக்கும் வரிச்சுமைக்கும் எதிராகக் கிளர்ந்தெழவும் நேர்ந்தது. எனினும், வளரும் நாடுகளின் எதிர்காலம்பற்றி நம்பிக்கை கொள்வோர், வல்லுநர் வகுக்கும் பெருந்திட்டங்களைவிட, ஓர் அரசு தன் குடிகளின் விதிமீறலிலிருந்து கற்றுக்கொண்ட இந்த நிகழ்வையே உறுதியான சான்றாகக் கொள்ளலாம். அக்கல்வி காலந்தாழ்ந்தே வந்தது. கிம் நோக் 1979இல் இறந்தார். வியட்நாம் அரசு அவருக்கு ஹோ சி மின் விருதை வழங்கியது 2009இல்.