கல்வட்டம் - 9: பீப்பாயில் எழுந்த தீ

போன வாரம் டாக்டர் வில்லியம் பிரைஸைப் பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில், ஒரு பழைய கல்லின் முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். அந்தக் கல்லில் அவர் என்ன படித்தார் என்று ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நாற்பது வருடங்களுக்கு மேல் தாவி, வேல்ஸ் நாட்டுக் குன்று ஒன்றுக்கு நாம் போய்ச் சேரவேண்டும். அங்கே இருட்டுவதற்குள் போயாக வேண்டும்.

1884, ஜனவரி 13. ஞாயிற்றுக்கிழமை.

லான்ட்ரிசன்ட் சின்ன ஊர்தான். சரிவில் வீடுகள், நடுவே தேவாலயம், சந்துக்குச் சந்து பிரார்த்தனைக் கூடங்கள். ஞாயிறு மாலை என்றால் ஊரே பாட்டும் பிரசங்கமுமாக இருக்கும். அன்றும் அப்படித்தான். ஜனங்கள் வழிபாடு முடிந்து வெளியே வந்தார்கள். எதிரே கேர்லான் குன்றில் ஒரு வெளிச்சம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. வைக்கோல் போர் பற்றிக்கொண்டதா? கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களுக்கு, நெருப்புக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட கிழவர் ஒருவர் கையை உயர்த்தி ஏதோ ஓதிக்கொண்டிருப்பது தெரிந்தது.

டாக்டர் பிரைஸ்!

ஓடினார்கள். குளிரில் மூச்சிரைக்க மேலே ஏறினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், எரிவது ஒரு பீப்பாய். உள்ளே மண்ணெண்ணெய். அந்த எண்ணெயில், துணி சுற்றிய ஒரு குழந்தை.

ஐந்து மாதக் குழந்தை. அவருடைய பிள்ளை.

ஒரு நிமிடம் அந்த ஜனங்களின் இடத்தில் நின்று பாருங்கள். நம் ஊரில் சிதை என்பது பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அவர்களுக்கு அப்படியில்லை. இறந்தவர் மண்ணுக்குள் உறங்குகிறார், கடைசி நாளில் அதே உடம்போடு எழுந்து வருவார் என்பது அவர்கள் பால் குடித்த நாளிலிருந்து கேட்ட வார்த்தை. உடம்பையே சாம்பலாக்கிவிட்டால் எதைக்கொண்டு எழுவது? அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பச்சைக் குழந்தை. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கிழவர் வைத்திருந்த பெயர், இயேசு கிறிஸ்து.

கூட்டம் கொதித்தது.

யாரோ பீப்பாயை உதைத்துச் சாய்த்தார்கள். கருகத் தொடங்கிய அந்தச் சின்ன உடம்பு புல்லில் உருண்டது. கைகள் கிழவரை நோக்கிப் பாய்ந்தன. கொலைகாரன் என்ற பேச்சு கூட்டத்தில் பரவியது. போலீஸ் மட்டும் அந்த நேரத்தில் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், அன்றிரவு குன்றில் இரண்டாவது பிணமும் விழுந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அவருக்கு அப்போது எண்பத்து மூன்று வயது.

இப்போது கேள்விக்கு வருவோம். இருபத்தோரு வயதில் லண்டனில் அறுவை மருத்துவராகத் தேறி, காலமெல்லாம் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்த ஒருவர், சொந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கும் குன்றுக்கு ஏன் போனார்? வீட்டுக்குப் பின்னால், நள்ளிரவில், யாருக்கும் தெரியாமல் செய்திருக்கலாமே?

இதற்கு விடை வேண்டுமானால் அவருடைய குருமார்களைத் தேடிப் போகவேண்டும்.

தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு முதல் குருவை நன்றாகத் தெரியும். நம் கல்தச்சர் யோலோ மோர்கனுக். 1792-ல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கூழாங்கற்களை வட்டமாக அடுக்கி, இதுதான் ஆதி ட்ரூயிட் பூசாரிகளின் சபை என்று அறிவித்தாரே, அவர். இருமலுக்கென்று தொடங்கிய அபின் மருந்தை வாழ்நாள் முழுக்கக் குடித்துக்கொண்டு, இரவெல்லாம் விழித்து, பழைய ஏடுகளைப் பிரதியெடுத்தார். ஏடு இல்லாத இடத்தில் தானே எழுதிச் சேர்த்தார். எது பழசு, எது அவர் எழுதியது என்று பிரித்தெடுக்க அறிஞர்களுக்கு அடுத்த நூற்றாண்டு தேவைப்பட்டது. பிரைஸின் காலத்தில் அந்தச் சந்தேகம் பெரும்பாலோருக்கு எழவே இல்லை. கிளமோர்கன் மண்ணில் பிறந்த ஒரு பையனுக்கு, யோலோ சொன்னதுதான் முன்னோர் சொன்னது.

யோலோ 1826-ல் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் டாலியெசின், மெர்தர் டிட்வில் என்ற இரும்பாலை ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவர், அப்பாவின் ஏடுகளைக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். பக்கத்துப் போன்டிப்ரித்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. தள்ளினால் ஆடும். அந்த ஆடும் பாறையடியில் யோலோவே சபை கூட்டியிருக்கிறார். அதே பாறைக்கு அப்புறம் ஒரு கடிகாரக்காரர் உரிமை கொண்டாடினார். பெயர் இவான் டேவிஸ். மிவிர் மோர்கனுக் என்று பட்டப்பெயர் சூட்டிக்கொண்டார். முன்னாள் பிரசங்கி. பைபிளை மூடிவைத்துவிட்டு, தானே தலைமை ட்ரூயிட் என்று அறிவித்து, சூரியன் திசை திரும்பும் நாட்களில் அந்தப் பாறையில் சடங்கு நடத்தினார்.

பிரைஸ் சுவாசித்த காற்று இது. புத்தகம் ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம், உயிரோடு நடமாடும் குருமார்கள் இன்னொரு பக்கம். இன்றைக்கும் வெல்ஷ் மாந்திரீகமும் பழைய சமயமும் கற்கவேண்டும் என்று புத்தகம் வாங்குகிறவர்கள், ஆசிரியர் தேடிப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் வரையும் மூன்று கதிர் முத்திரையும் சொல்லும் பிரார்த்தனையும் பெரும்பாலும் அந்தக் கல்தச்சரின் மேஜையிலிருந்து வந்தவை. இதைத் தெரிந்துகொண்டபின் மனம் விட்டுப் போனவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழி எங்கே தொடங்கியது என்பது ஒரு விஷயம். அதில் நடந்தவர் எவ்வளவு தூரம் போனார் என்பது வேறு விஷயம். பிரைஸ் போன தூரம் வேறு யாரும் போகாத தூரம்.

யோலோவின் மற்றச் சீடர்கள் கவிதை எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், பட்டம் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அங்கியைக் கழற்றி மாட்டினார்கள். பிரைஸ் கழற்றவே இல்லை. நரித்தோல் தொப்பி, பச்சைக் கால்சட்டை, சிவப்பு உள்கோட்டு. இதுதான் நோயாளி வீட்டுக்குப் போகும்போதும் உடுப்பு. மாமிசம் தொடமாட்டார். காலுறை போடமாட்டார். புகை பிடிப்பவருக்கு வைத்தியம் பார்க்கமாட்டார். நோய் குணமானால்தான் காசு. பெண்ணை ஆணுக்கு அடிமையாக்குவது திருமணம் என்று சொல்லி அதையும் மறுத்தார். எண்பதைத் தாண்டிய வயதில், ஒரு விவசாயியின் மகளான குவென்லியனோடு சர்ச்சும் பதிவும் இல்லாமல் குடும்பம் நடத்தினார். ஊர் எவ்வளவு பேசியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த வீட்டில்தான் 1883 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது.

இப்போது லூவர் கல்லைப் பற்றிச் சொல்லலாம்.

1839-ல் சார்ட்டிஸ்ட் கிளர்ச்சி தோற்று, தலைக்கு ஆபத்து என்று பிரைஸ் பிரான்சுக்குத் தப்பி ஓடியதைப் பார்த்தோம். ஓட்டுரிமைக்கு ஆயுதம் சேர்த்தவர். நண்பர்கள் சிறையில். கனவு மண்ணாகிவிட்டது. அந்த மனநிலையில் ஒருவர் அருங்காட்சியகத்தில் அலைகிறார். ஒரு பழைய கல். அதில் ஓர் உருவம், கிரேக்க எழுத்து. மற்றவர்களுக்கு அது கிரேக்கக் கல். பிரைஸின் கண்ணுக்கு அது நிலாவைப் பார்த்துப் பாடும் வெல்ஷ் பாணன். எழுத்து, ஒரு தீர்க்கதரிசனம். வருங்காலத்தில் ஒருவன் வருவான், பழைய ரகசியத்தை மீட்பான், வெல்ஷ் மக்களை விடுவிப்பான். அவன் பிரைஸின் தலைப்பிள்ளை!

தோற்றுப்போன ஒரு மனிதருக்கு அந்தக் கல் திரும்ப வாழக் காரணம் கொடுத்தது. அந்த வாக்கை நெஞ்சில் சுமந்துகொண்டு நாற்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்தார். 1871-ல் தானே உருவாக்கிய ஒருவகை வெல்ஷில் அதைப் புத்தகமாகவும் போட்டார். யாருக்கும் புரியவில்லை. அவர் கவலைப்படவில்லை.

கடைசியில் பிள்ளை பிறந்தான். மீட்பனுக்கு எந்தப் பெயர் பொருந்துமோ அந்தப் பெயரை வைத்தார். ஊரைச் சீண்ட வைத்த பெயர் என்று பலர் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. அவர் அதை முழு மனதோடுதான் வைத்தார்.

ஐந்து மாதத்தில், ஜனவரி 10 அன்று, பிள்ளை இறந்துபோனான்.

யோசித்துப் பாருங்கள். நாற்பது வருட நம்பிக்கை தொட்டிலில் உயிரற்றுக் கிடக்கிறது. வேறொருவராக இருந்தால் கல்லும் பொய், ஏடும் பொய் என்று எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருப்பார். பிரைஸ் மூன்று நாள் கழித்து, தான் கற்றதன்படி கடைசிச் சடங்கு செய்யக் கிளம்பினார். பிணத்தைப் புதைத்தால் மண் கெடும், தண்ணீர் கெடும், உயிரோடிருப்பவர்களுக்குக் கேடு என்பது அவர் வெகுநாளாகச் சொல்லிவந்தது. அதில் ட்ரூயிட் பாதி, டாக்டர் பாதி. காலரா வந்து போன பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த டாக்டர். சரியென்று நம்பியதை ஒளிந்துகொண்டு செய்ய அவருக்குத் தெரியாது. அதனால்தான் குன்று. அதனால்தான் ஊர் பார்க்கும் நேரம்.

இனி வழக்குக்கு வருவோம்.

முதலில் கொலையா என்று பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனை நடந்தது. இயற்கை மரணம். அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் விடவில்லை. புதைக்காமல் எரிக்க முயன்றது ஒரு குற்றம், மரண விசாரணை நடக்காமல் தடுக்கப் பார்த்தது இன்னொரு குற்றம் என்று வழக்குப் போட்டார்கள்.

அரசாங்கத்தின் பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. விஷம் வைத்துக் கொன்ற வழக்குகள் இங்கிலாந்தை ஆட்டிப் படைத்த காலம் அது. சந்தேகம் வந்தால் புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் பார்க்கலாம். சாம்பலை என்ன செய்வது? லண்டனில் தகனத்துக்காக ஒரு சங்கம் 1874-லேயே தொடங்கி, வோக்கிங்கில் எரியுலையும் கட்டி முடித்திருந்தது. 1879-ல் ஒரு குதிரையின் உடலை எரித்துப் பரிசோதித்தார்கள். மனிதரை எரிக்க உள்துறை அமைச்சர் ஒப்பவில்லை. பெரிய மனிதர்கள் நிறைந்த சங்கம் உலையைப் பூட்டிவிட்டு அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய் பீப்பாயோடு வந்த கிழவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பிப்ரவரி. கார்டிஃப் நீதிமன்றம். ஊர்ப் பத்திரிகைகளில் இதே பேச்சு. பிரைஸ் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தன் வழக்கைத் தானே பேசினார். பிள்ளையின் உடல் முழுதாக எரியாமலே இருந்தது. தீர்ப்பு எதிராகப் போனால் அது மண்ணுக்குள் போகும், அவர் சிறைக்குள் போவார். எண்பத்து நாலை நெருங்கும் உடம்பு சிறையை எத்தனை நாள் தாங்கும்?

மேடையில் நீதிபதி வந்து அமர்ந்தார்.

பெயர், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். நம் வக்கீல்களுக்கு அந்நியமான பெயர் இல்லை. 1869 முதல் 1872 வரை இந்தியாவில் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தவர். இந்தியச் சாட்சியச் சட்டம், 1872, அவர் வரைந்தது. 2024-ல் புதுச் சட்டம் வரும்வரை நம் ஊர் நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டேறிய ஒவ்வொருவரும் அவர் எழுதிய விதிகளின்படிதான் பேசினார்கள். உடலை எரிக்கும் கோடிக்கணக்கான மக்களின் நாட்டில் சட்டம் எழுதிவிட்டுத் திரும்பியவர் முன்னால்தான், இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் வேறு யாரிடமும் போயிருக்கக் கூடாத இந்த வழக்கு வந்து நின்றது.

ஆனால் ஸ்டீஃபன் இளகிய மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்குத் தண்டனையை ஆதரித்து எழுதியவர். சட்டம் என்றால் சட்டம். அவர் மனத்தில் என்ன இருந்தாலும், ஏட்டில் இருப்பதைத்தான் சொல்வார்.

ஏட்டில் என்ன இருந்தது?

எரிக்கலாம் என்று நாடாளுமன்றம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. எரிக்கக் கூடாது என்றும் சொன்னதில்லை. ஆயிரம் வருடமாக நீதிமன்றத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. இப்போது நரித்தோல் தொப்பிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஜூரிகளைப் பார்த்து ஸ்டீஃபன் பேசத் தொடங்கினார். இப்படி ஒரு வழக்கு இதற்கு முன் வந்ததில்லை என்றார். அப்புறம் சட்டப் புத்தகங்களைத் தாண்டி, ரோமாபுரிக்குப் பின்னோக்கிப் போனார்.

பிரைஸ் காதைத் தீட்டிக்கொண்டார்.

(அடுத்த வாரம்: நீதிபதி சொன்ன ஒரு வாக்கியம். மார்ச் 14, மறுபடியும் அதே குன்று.)