பசில் றைற்றின் விவரணப்படமும் மன்னார்க் கரையும்

நாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் பழைய ஏடுகளையும் தேடுவர். இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றை எழுதுவோர்க்கு இவற்றோடு வேறொரு சான்றும் உண்டு, அது விவரணப்படம். எழுத்துச் சான்றை ஆராயுங்கால், எழுதியவர் யார், எழுதுவித்தவர் யார், எழுதாது விடப்பட்டவை யாவை என வினவுதல் அறிஞர் மரபு. அவ்வினாக்களைப் படத்தை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். இலங்கையைப் பற்றிய விவரணப்படங்களுள் தலையாயதெனப் போற்றப்படும் ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படத்தை மன்னார்க் கரையில் நின்று நோக்கினால் இவ்வுண்மை இனிது விளங்கும்.

‘இலங்கைப் பாட்டு’ எனப் பொருள்படும் இப்படம் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இதனை ஆக்கியவர் பசில் றைற் (1907–1987) என்னும் ஆங்கிலேயர். பிரித்தானிய விவரணப்பட இயக்கத்தின் முன்னோடியாகிய யோன் கிரியர்சனிடம் பயின்றவர். படத்துக்குப் பொருளுதவி செய்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. நான்கு சிறு படங்களாக எண்ணப்பட்ட முயற்சி, றைற்றின் கையில் நான்கு பகுதிகளையுடைய ஒரே படமாக உருப்பெற்றது. நெறியாள்கை, ஒளிப்பதிவு, தொகுப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அவர் ஒருவர் பொறுப்பிலேயே அமைந்தன. ஒலிப்பகுதி பின்னர் இங்கிலாந்திற் சேர்க்கப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் வால்ட்டர் லீ. உரையை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ற்.

சிவனொளிபாத மலை ஏறும் அடியார், நெல் வயல், கண்டிய நடனம், பொலன்னறுவைச் சிலைகள் என்பன படத்திற் சிறப்பிடம் பெறுகின்றன. மூன்றாம் பகுதி தனியே குறிக்கத்தக்கது. அங்கே கண் காண்பது யானையும் மரமும் உழைப்போரும். செவி கேட்பதோ வாணிகக் கடிதங்களும் சந்தை விலைகளும். காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று மறுத்து நிற்பதால், எவர் உழைப்பு எவர் கணக்கில் ஏறுகின்றது என்னும் வினா தானே எழுகின்றது. 1935இற் பிறசல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது.

இனி, மன்னாருக்கும் இப்படத்துக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். வென்ற் வாசிக்கும் உரை, றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பெரிதும் எடுக்கப்பட்டது. நொக்ஸ் 1660இற் கொட்டியாரக் குடாப் பகுதியிற் சிறைப்பட்டுக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனது நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 1679இல் ஸ்ரீபன் றத்லன்ட் என்னும் தோழரோடு தப்பி, அனுராதபுரப் பகுதியிலிருந்து மல்வத்து ஓயாக் கரை வழியே காட்டினூடே நடந்தார். அவ்வாறே நம் பகுதியில் அருவியாறு எனப்படுகின்றது. அது கடலோடு கலக்குமிடத்துக்கு அணித்தாயுள்ளது அரிப்பு. அங்கே அன்று ஒல்லாந்தர் வசமிருந்த கோட்டையை அடைந்தபோதே நொக்ஸ் விடுதலை பெற்றார். பின் மன்னாருக்குச் சென்றார். அரிப்பை அவர் அடைந்திராவிடின் அந்நூல் உலகுக்குக் கிடைத்திராது. படத்துக்கு அவ்வுரையும் வாய்த்திராது. ஆயினும், நான்கு பகுதிகளுள் ஒன்றேனும் அக்கரையைப் பொருளாகக் கொண்டதன்று.

மற்றொரு தொடர்பு இதனினும் துயரமானது. படத்திற் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்கின்றோம். அம்மக்களின் முன்னோர் மலைநாட்டை அடைந்தது எவ்வாறு? கோப்பித் தோட்டக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர் மாத்தளை நோக்கிக் காட்டு வழியாக நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் அதனோடிணைந்த புகையிரதப் பாதையும் ஏற்பட்டன. அதன் பின்னரும் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு மன்னாரே வாயிலாயிற்று. படம் அவர்களைத் தோட்டத்திலே காட்டுகின்றது. அவர்கள் வாழ்க்கைப் பயணமோ கடற்கரையிலே தொடங்கியது.

இதனைக் கொண்டு றைற்றைக் குறை கூறுதல் முறையன்று. தேயிலையை விளம்பரப்படுத்த அனுப்பப்பட்டவர், பொருள் கொடுத்தோர் வேண்டியதினும் பன்மடங்கு உயர்ந்த கலைப்படைப்பைத் தந்தார். எனினும், ஒளிப்பதிவுக் கருவி எத்திசை நோக்கித் திரும்புகின்றதோ அத்திசையே பிற்காலத்தார் மனத்தில் நாடாகப் பதிகின்றது. கருவி திரும்பாத திசை மெல்ல மறதியுள் மறைகின்றது. நொக்ஸின் சொல்லும் கொழுந்து பறிக்கும் கையும் படத்தில் நிலைத்துவிட்டன. அவ்விரண்டுக்கும் வழிவிட்ட மன்னார் நிலைக்கவில்லை.

அக்குறையை நிறைத்தல் நம் கடமை. அரிப்புக் கோட்டையின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. 1980களிற் போர்ச்சூழலால் நின்றுபோன தலைமன்னார்க் கப்பலிற் பயணஞ்செய்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். முற்காலத்தில் விவரணப்படம் எடுத்தற்கு அரசும் சபையும் பொருளுதவ வேண்டியிருந்தது. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். அம்முதியோர் கூறுவனவற்றை அவர்தம் முகத்தோடும் குரலோடும் பதிந்து வைப்போமாயின், நாளை இந்நாட்டு வரலாற்றை எழுதுவோர் மன்னார்க் கரையையும் காண்பர்.