யளனகப முதல் யூடிஎஃப்-8 வரை

இணையத்தில் எழுத எந்த எடிட்டர் நல்லது என்று கேட்கிறவர்கள், பொத்தான்களைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்: தடித்த எழுத்து, சாய்வெழுத்து, படம் செருகுவது. என்னைப் போலத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் 'யளனகப' என்ற விசை வரிசையை அடித்துப் பழகி, தமிழ் லோயர் பரீட்சை எழுதிவிட்டுக் கணினிக்கு வந்தவர்களுக்குக் கவலை வேறாக இருந்தது. அடித்த எழுத்து அடுத்தவர் திரையிலும் தமிழாகத் தெரியுமா என்பதே பெரிய கேள்வி.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிக்குத் தனி விசை. அதை அடித்தால் தாள் நகராது. அதனால் புள்ளியை முதலில் அடித்துவிட்டு, அதன் கீழே மெய்யை அடிக்க வேண்டும். 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் விரலுக்கும் வரிசை.

கணினி வந்தபோது பாமினி போன்ற எழுத்துருக்கள் இந்தக் கண் வரிசையைத் தூக்கிக்கொண்டு வந்தன. அவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி மாட்டியவை. 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். அன்று ஒவ்வொரு நாளிதழ்த் தளத்துக்கும் தனி எழுத்துரு; சில தளங்களில் எழுத்துரு தானே இறங்கும், ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். இதைச் சீராக்கத்தான் திஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. தமிழ்99-இல் க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க தானே புள்ளி வைத்துக்கொண்டு 'க்க' ஆகிவிடும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு தமிழுக்கு வாய்க்கவில்லை என்பது என் கட்சி. ஆனால் ஊர் அந்தப் பக்கம் போகவில்லை. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை இறக்கி, ஆங்கில ஒலியில் தட்டித் தமிழ் எழுதவே பெரும்பாலோர் பழகினார்கள்.

யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் அது வீட்டுக் கணினியை எட்டத் தொடங்கியது. யூனிகோடில் 'கொ'வுக்கு முதலில் க, பிறகு ஒகரக் குறி. கண் வரிசை போய், ஒலி வரிசை வந்தது. பழைய கோப்புகளை மாற்றும்போது கொம்புகள் தனியே நின்றதற்கு இதுவே காரணம்.

எடிட்டர் பஞ்சாயத்து ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். வேர்டில் எழுதி, வெட்டி, வலைப்பக்கத்தில் ஒட்டினால் கட்டுரையோடு எம்எஸ்ஓ-நார்மல் என்ற குப்பையும் கூடவே வரும். ஒரு பத்தி பெரிதாக, அடுத்தது சிறிதாக, மூன்றாவது வேறொரு எழுத்துருவில். நோட்பேடில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் எல்லாம் கழுவிப் போய்விடும். ஆனால் நோட்பேடுக்கும் அன்று ஒரு பொல்லாத குணம்: சேமிக்கும்போது 'ஆன்சி' என்ற பழைய குறியீட்டிலேயே நிற்கும். யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 என்று மாற்றாமல், எச்சரிக்கையையும் படிக்காமல் சரி என்று அழுத்தினால், திரும்பத் திறக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள். 2019-இல் விண்டோஸ் 10-க்கு வந்த புதுப்பிப்பில்தான் யூடிஎஃப்-8 இயல்பான தெரிவாயிற்று.

வெறும் எழுத்தை நம்பியவர்கள் நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜான் க்ரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டார். சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்து. கோப்பு எந்த எடிட்டரிலும் திறக்கும். மறுபுறம் வேர்ட்பிரஸ், 2018 டிசம்பரில் பத்திக்கு ஒரு பெட்டியாகக் கட்டும் எடிட்டரைக் கொண்டுவந்து, அச்சுக்கலையின் முன்னோடி குட்டன்பெர்க்கின் பெயரையும் வைத்தது. அச்சுக்கோக்கிறவர் வரி வரியாகக் கோத்தார். இதில் ஒரு நீண்ட கட்டுரையை எழுதுகிறவன் பெட்டி பெட்டியாகத் தாண்ட வேண்டியிருக்கிறது.

எடிட்டர்கள் தரும் சாய்வெழுத்தும் தமிழுக்கு ஒட்டாத சங்கதி. லதாவில் சாதாரணமும் தடித்ததும் உண்டு, சாய்வு கிடையாது. பொத்தானை அழுத்தினால் உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. ஙவும் ஞவும் தள்ளாடுகின்றன.

என் கட்டுரைகளெல்லாம் தமிழ்99-இல் அடித்த வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கின்றன. வெளியிடும்போது மட்டும் குட்டன்பெர்க்கில் ஒட்டுகிறேன், உபதலைப்பைத் தடிக்க வைக்கிறேன், மேற்கோளுக்கு ஒற்றைக் குறி போடுகிறேன். சாய்வுப் பொத்தானைத் தொடுவதில்லை.